மூன்று வருஷம், மூன்று முடிவெட்டு

கேள்வி: எனக்கு வயது 49. சிவகாசியில் அச்சகம் நடத்துகிறேன். பதினான்கு வயதிலிருந்து இளையராஜா ரசிகன். இருநூறு காசெட் இன்னும் பரணில் இருக்கிறது. என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பத்தாம் வகுப்பில் கானா என்று அலைந்தான். பக்கவாட்டில் மழித்து, நடுவில் கோழிக்கொண்டை மாதிரி ஒரு முடிவெட்டு. போன வருஷம் தமிழ் ராப், இரண்டு பேர் நுழையும் தொளதொள பனியன். இப்போது கறுப்புச் சட்டை, நெற்றியை மறைக்கும் முடி, கார் வழுக்கிக்கொண்டு வட்டமடிக்கும் வீடியோக்கள். பாட்டில் வார்த்தையே புரியவில்லை, மாட்டு மணி அடிப்பது போல ஒரு சத்தம்தான் கேட்கிறது. இரவு ஒரு மணி வரை ஹெட்போன். நாங்கள் கேட்டது சங்கீதம், இது வெறும் சத்தம். எங்களுக்கு ஒரு ஆள், ஒரு ரசனை என்று இருந்தது. இவனுக்குச் சொந்தமாக எதுவுமே இல்லையா? புள்ளிங்கோ கூட்டத்தில் சேர்ந்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் இரண்டாவதாக ஒரு ஐடி வைத்திருப்பதை என் மனைவி கண்டுபிடித்திருக்கிறாள். ஃபோனைப் பிடுங்கிவிடலாமா? எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் கொரியப் பாட்டுதான் கேட்கிறாள். ஆனால் அவள் அமைதியான பெண், அவளைப் பற்றிக் கவலை இல்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சிவகாசி)

பதில்: வணக்கம் சார். அந்த மாட்டு மணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே மாட்டு மணிதான். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற தாளக் கருவியில் மாட்டு மணிக்கென்றே ஓர் ஒலி உண்டு. உங்கள் மகன் கேட்கும் இசைக்கு ஃபோங்க் என்று பெயர். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1990களில் கறுப்பின இளைஞர்கள் வீட்டிலேயே ராப் பாட்டுகளைப் பதிவு செய்து, காசெட்டில் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசெட்டுகளின் குரல்களை வெட்டியெடுத்து, 2010களில் இணையத்தில் சிலர் புதுப் பாட்டு செய்தார்கள். அப்புறம் ரஷ்யப் பையன்கள் அதை இன்னும் முடுக்கிவிட்டு, மணியைத் தூக்கி முன்னால் வைத்து, கார் வழுக்கும் வீடியோக்களுக்குப் பின்னணியாக ஓட்டினார்கள். இன்று அது சிவகாசி வரை வந்திருக்கிறது.

கவனித்துக் கேட்டால் சில பாட்டுகளில் அடியில் கரகரவென்று ஓர் இரைச்சல் ஓடும். காசெட் தேய்ந்த இரைச்சல். வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றிய கை உங்களுடையது, ஆகவே அதை உங்கள் மகனைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள். இன்றிரவு அவனிடம் ஹெட்போனை வாங்கி ஒரு பாட்டு கேளுங்கள். பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, மூன்றாவது நிமிஷத்தில் தலை வலித்தது.

சரி, உங்கள் காலத்துக்கு வருவோம். எனக்கு உங்களைவிட மூன்று வயது அதிகம், மதுரையில் வளர்ந்தேன். காசெட் பதிவுக் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்த தலைமுறைதான் நானும். அறுபது நிமிஷ காசெட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். கடைக்காரர் நம் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'இதைக் கேட்கிறீங்கன்னா அதையும் கேட்டுப் பாருங்க' என்று தானாக ஒரு பாட்டைச் செருகிவிடுவார். இன்று உங்கள் மகனுடைய ஃபோனில் ஒரு கணக்கு நிரல் செய்யும் வேலையைத்தான் அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். ஆனால் அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும். எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்.

ஒரு காசெட்டுக்கு எத்தனை வாரம் காசு சேர்த்தோமோ, அத்தனை வாரம் அந்தப் பன்னிரண்டு பாட்டையே கேட்டோம். அதில் பிறந்தது அந்த விசுவாசம். 1992இல் ரகுமான் வந்தபோது டீக்கடை பெஞ்சில் கட்சி பிரிந்து அடித்துக்கொண்டீர்களே, அது ஸ்வரத்துக்காக மட்டும் நடந்த சண்டையா? எந்தக் கடையில் நிற்கிறோம், யாரோடு நிற்கிறோம் என்பதும் அதில் இருந்தது. ரசனைக்கு ஒரு தெருவும் ஒரு பெஞ்சும் இருந்தன.

அந்த பெஞ்சில் நான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளை காசெட் கடை வாசலில் நிற்கக் கூடாது. என் பட்டியலை அண்ணன்தான் எடுத்துப் போவான். போகிற வழியிலேயே என் பாட்டில் இரண்டை அடித்துவிட்டு அவனுக்குப் பிடித்த இரண்டை எழுதிவிடுவான். முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, இன்னும் அதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதை மறுபடி வரும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. டிக்டாக் வந்தது. 2020 ஜூன் 29 அன்று அதைத் தடை செய்தார்கள், பத்தே நாளில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த நான்கு வருஷத்தில் ஒரு பாட்டு பையனிடம் வந்து சேரும் விதமே வேறாகிவிட்டது. முன்பு பாட்டு முதலில் வரும். அதைப் பாடுகிறவன் எப்படி முடி வெட்டியிருக்கிறான் என்று தெரிய வாரப் பத்திரிகையின் நடுப்பக்கம் வர வேண்டும். இப்போது பதினைந்து வினாடிக்குள் பாட்டு, முடிவெட்டு, சட்டை, நடை, முறைக்கும் முறை எல்லாம் ஒரே பொட்டலமாக வந்து விழுகிறது. பொட்டலத்தைப் பிரிக்கக் காசில்லை. வேண்டாம் என்று தூக்கிப் போடவும் காசில்லை. இதில் மூன்று வருஷத்தில் மூன்று என்பது அதிகமில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகள் சிலர் ஒரே வருஷத்தில் ஐந்தாறு மாற்றியிருக்கிறார்கள்.

நீங்கள் பயப்படும் புள்ளிங்கோ என்ற சொல்லையே பாருங்கள். 'பிள்ளைங்க' என்பதை வடசென்னையில் சொல்லும் விதம் அது, நம்ம பசங்க என்ற அர்த்தத்தில். 2018, 2019 வாக்கில் கானா ஸ்டீபன் பாடிய ஒரு பாட்டு யூடியூபிலும் டிக்டாக்கிலும் ஓடி, அந்தச் சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நண்பர்களோடு கும்பலாகச் சுற்றுவதைக் கொண்டாடும் பாட்டு, அவ்வளவுதான். கூடவே அந்த முடிவெட்டும், சாயமும், ஒட்டிப் பிடித்த பேன்ட்டும், பைக்கும் பரவின. ராயபுரத்தையும் வியாசர்பாடியையும் பார்த்தே இராத பையன்கள் தேனியிலும் தென்காசியிலும் அந்த வேஷத்துக்கு மாறினார்கள். பழைய நாளில் ஒரு வட்டாரத்து அலங்காரம் அந்த வட்டாரத்து வாழ்க்கையோடு ஒட்டியிருக்கும். இது தெருவை விட்டுவிட்டு முடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த பயணம்.

திரும்பும்போது நடந்ததுதான் மோசம். சில மாதங்களிலேயே அந்தச் சொல் வசவாகிவிட்டது. மீம் போடுகிறவர்கள், யூடியூபில் 'ரோஸ்ட்' செய்கிறவர்கள், பள்ளி வாசலில் தலையைப் பார்த்து நிறுத்தும் ஆசிரியர்கள் எல்லாரும் அதைப் பயன்படுத்தினார்கள். யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? பெரும்பாலும் ஏழைப் பையன்களை, அதிலும் குறிப்பிட்ட தெருக்களிலிருந்து வருகிறவர்களை. அதே முடியை ஒரு சினிமா நாயகனோ, வசதியான வீட்டுப் பையனோ வைத்தால் அதற்குப் பெயர் ஸ்டைல். நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மகன் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். பத்தாம் வகுப்பில் அவனுடைய நண்பர்கள் யார், அவர்களை நீங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டீர்களா, வாசலோடு அனுப்பினீர்களா? அவன் கானாவை விட்டது தானாகவா, உங்கள் முகத்தைப் பார்த்தா? இதற்கெல்லாம் எனக்குப் பதில் வேண்டாம், உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கானாவைச் சத்தம் என்று சொல்வதிலும் எனக்குச் சண்டை உண்டு. வடசென்னையின் உழைக்கும் மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சாவு வீட்டில் இரவெல்லாம் கண் விழித்துப் பாடி வளர்த்த பாட்டு அது. செத்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த வேலையைச் சொல்லி, அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிப் பாடுவார்கள். தொண்ணூறுகளில் தேவா அதைச் சினிமாவில் பெரிதாக ஒலிக்க வைத்தார். அப்புறம் கானா பாலா வந்தார். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றி, சாதியைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் பாடியது. தமிழ் ராப்புக்கும் இப்படி ஒரு தடம் இருக்கிறது. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006இல் மலேசியாவிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது இங்கே பலர் அதை விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். ராஜா கிராமத்து மெட்டோடு வந்தபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், அது உங்களுக்கே தெரியும்.

இளைஞர் கூட்டம் என்றாலே பெரியவர்களுக்கு நடுக்கம் வருவது புதிதல்ல. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் மாட்ஸ், ராக்கர்ஸ் என்று இரண்டு கோஷ்டிப் பையன்கள் மோதிக்கொண்டார்கள். ஒரு கோஷ்டி ஸ்கூட்டர், கோட்டு சூட்டு. மற்றது மோட்டார் சைக்கிள், தோல் சட்டை. கேட்கும் பாட்டும் வேறு வேறு. நடந்தது கொஞ்சம், பத்திரிகைகள் எழுதியது அதைவிடப் பல மடங்கு. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து, பத்திரிகை ஊதிவிட்ட பயமே பிறகு கூட்டத்தையும் போலீஸையும் எப்படி உசுப்பியது என்று காட்டினார். அங்கே அதற்கு ஒரு பருவமும் ஒரு கடற்கரையும் இருந்தன. இங்கே தினமும் ஒரு ரீல் வருகிறது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. அவனுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லையா?

பதினேழு வயதில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் வளரிளம் பருவத்தை ஒரு விதமான தவணைக் காலமாகப் பார்த்தார். நான் யார் என்ற கணக்கை உடனே முடிக்கச் சொல்லாமல், பல வேஷங்களைப் போட்டுப் பார்க்கச் சமூகம் தரும் அவகாசம். 1966இல் ஜேம்ஸ் மார்சியா இதை இன்னும் பிரித்தார். அவர் பிரித்த நான்கு வகையில், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. எதையும் தேடாமல் முதலில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறவர்கள் இன்னொரு வகை. அவர் படிப்பு, தொழில், நம்பிக்கை பற்றிச் சொன்னார், பாட்டைப் பற்றி அல்ல. இருந்தாலும் பதினான்கு வயதில் ஒருவரைப் பிடித்து 49 வரை விடாத ஆள் எந்த வகை என்று கேட்டால் மார்சியா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். நானும் அதே வகைதான்.

வேஷம் மாறுவதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நாம் போட்ட வேஷம் ஆல்பத்தில் ஒரு போட்டோவாக இருக்கிறது, அதையும் அம்மா ஒளித்துவைத்திருக்கிறார். இவன் போடுவது முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால். எத்தனை லைக் என்ற எண் கூடவே வருகிறது, பழைய ரீல் எங்கேயும் போவதில்லை. ஒரு பாட்டு தனக்குப் பிடித்திருக்கிறதா, அதைப் போட்டால் எண் ஏறுகிறதா என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் கஷ்டம். பெரியவர்களுக்கே கஷ்டம். எண்ணுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிகிறவர்கள் உண்டு. இன்று பைக் சாகசம், நாளைக்கு கெத்து இசை பின்னால் ஓட கையில் பட்டாக்கத்தி. அப்படி ரீல் போட்ட பையன்கள் மீது நம் ஊர்ப் போலீஸ் வழக்குப் போடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பல பேருக்கு அது வெறும் நடிப்புதான், ஆனால் வழக்கு நிஜம். இதை மட்டும் மகனிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆயுதமும் வேண்டாம், ரோட்டில் சாகசமும் வேண்டாம், மற்றவர் எடுக்கும் வீடியோவில் பின்னால் நிற்கவும் வேண்டாம். முடி விஷயத்தில் விட்டுக்கொடுத்த அப்பா சொன்னால் இது காதில் ஏறும்.

அந்த இரண்டாவது ஐடி பற்றி. தயவுசெய்து கள்ள வழியில் உள்ளே போகாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் இரண்டு ஐடி வைத்திருக்கிறார்கள். ஒன்று ஊருக்கு. இன்னொன்று இருபது, முப்பது நண்பர்களுக்கு மட்டும், அசடு வழிகிற போட்டோவும் அழுகையும் அதில்தான் இருக்கும். நாம் பெஞ்சில் பேசியதை இவர்கள் அங்கே பேசுகிறார்கள். பெஞ்சுக்கு அப்பா வந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பீடியை மறைத்திருப்பீர்கள். அவன் முகத்தைப் பார்த்து நேரே கேளுங்கள். அதில் இருப்பவர்களை நேரில் தெரியுமா, உன்னைவிட ரொம்பப் பெரியவர் யாராவது இருக்கிறாரா, யாராவது காசு கேட்டார்களா, போட்டோ வைத்து மிரட்டினார்களா? கடைசிக் கேள்விக்கு அவன் தயங்கினால் திட்டாதீர்கள், உட்காருங்கள். அப்போது மட்டும் எனக்கோ உங்கள் ஊரில் ஒரு ஆலோசகருக்கோ உடனே சொல்லுங்கள். சைபர் குற்றத்துக்கான 1930 என்ற எண்ணும் இருக்கிறது.

ஃபோனைப் பிடுங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பிளஸ் டூ வருஷத்தில் ஃபோனைப் பிடுங்கினால் அவன் நண்பனுடைய ஃபோனில் பார்ப்பான், உங்களிடம் பேசுவதை நிறுத்துவான். ஆனால் இரவு ஒரு மணி என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாக உறுத்தியது அந்த ஒரு வரிதான். தூக்கம் கெட்டால் மனமும் படிப்பும் சேர்ந்து கெடும், அதற்கு ஃபோங்க்கும் ராஜாவும் ஒன்றுதான். இரவு பதினொன்றுக்கு வீட்டிலுள்ள எல்லா ஃபோனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும். உங்களுடையதும், உங்கள் மனைவியுடையதும். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்காக இன்ஸ்டாகிராமில் டீன் அக்கவுண்ட் என்று ஒரு ஏற்பாடு 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை அறிவிப்புகள் வராமல் அது நிறுத்திவைக்கும். பிள்ளை தன் வயதைச் சரியாகக் கொடுத்திருந்தால்தான் வேலை செய்யும், அதையும் விசாரியுங்கள்.

அப்புறம், அந்தக் கார் வீடியோக்களை அவன் பார்க்க மட்டும் செய்கிறானா, வெட்டி ஒட்டித் தானே செய்கிறானா? நீங்கள் எழுதவில்லை. இந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் பலர் தாளத்துக்குத் தாளம் காட்சியை வெட்டி 'எடிட்' செய்கிறார்கள். மணி அடிக்கும் இடத்தில் கார் திரும்ப வேண்டும், ஒரு பிரேம் தப்பினாலும் தப்புதான். நான்கு கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் மொத்தத் தாளையும் தூக்கிப் போடும் தொழில் உங்களுடையது. அவன் செய்ததைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தப்பு எங்கே என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக உங்கள் மகள். மகனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அவளுக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் உங்களைப் போல் ரசிக்கிறவள் அவளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொரியப் பாட்டு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், பி.டி.எஸ். என்றே வைத்துக்கொள்கிறேன். ஏழு பேர், 2013இல் வந்த குழு. அதன் ரசிகர் கூட்டம் தன்னை ஆர்மி என்று சொல்லிக்கொள்கிறது. ஏழு பேரில் தனக்கு மிகப் பிடித்தவருக்கு 'பயஸ்' என்று பெயர். ஆல்பத்தோடு வரும் ஃபோட்டோகார்டைச் சேர்ப்பார்கள், மாற்றிக்கொள்வார்கள். புதுப் பாட்டு வரும் நாளில் உலகம் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து எண்ணிக்கையை ஏற்றுவார்கள், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று விதிகளே உண்டு. ரசிகர் மன்றம் என்றால் இதுதான். நம் காலத்தில் மன்றத்துக்குள் பெண்களுக்குப் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை. இன்று எட்டாம் வகுப்புப் பெண் தன் பட்டியலை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. இதைச் சமூக ஊடகம் செய்த நல்லது என்றே சொல்வேன். 2020 ஜூனில் அந்தக் குழு அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கான இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஓரிரு நாளில் அதே தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமிகள் மூன்று பேர் பி.டி.எஸ்.ஸைப் பார்க்கக் கொரியா போகிறோம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பி, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அமைதியாக இருக்கிறாள் என்பதால் அவள் உலகம் சின்னது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கடிதத்தில் மகளுடைய பயஸ் யார் என்று எழுதுங்கள். கேட்டால் பதில் ஒரு மணி நேரம் வரும், அச்சகத்தைப் பூட்டிவிட்டு வந்து கேளுங்கள்.